பர்மனென்ட் பொண்ணு

நவம்பர் 6, வியாழன்

விடியும்போதே தூறல். குடையை நேத்து ஆபீஸ்லயே விட்டுட்டேன். துப்பட்டாவைத் தலையில போட்டுக்கிட்டு தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டம். கள்ளக்குறிச்சியில் இறங்கி மலை பஸ். வளைவுக்கு வளைவு முன் சீட்டு அம்மா வாந்தி. எலுமிச்சம்பழம் குடுத்தேன். அதையும் வாந்தி எடுத்துச்சு.

முடிச்சது: ஒரு பட்டா உட்பிரிவு அளந்தது.
முடிக்காதது: ரெண்டு எல்லைத் தகராறு. போன மாசத்துப் பயணப்படி பில். போன் ரீசார்ஜ். தலைக்கு எண்ணெய்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தா அம்மா முறுக்கு மாவு பிசையுது. நாள் கிழமை எதுவும் இல்லையே.

"இன்னா விசேஷம்?"

"ஞாயித்துக்கெழம உன்னப் பாக்க வராங்க. கள்ளக்குறிச்சிகாரங்க. சொந்த வூடு. பையன் மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் கம்பெனி. மாசம் தொண்ணூறாம்."

தொண்ணூறாயிரம். பிடித்தம் எல்லாம் போக என் கைக்கு வர்றது முப்பத்தொண்ணு சொச்சம். மூணு பங்கு சம்பாதிக்கிறவன், மலையில செயின் இழுத்து நிலம் அளக்குற சர்வேயரை ஏன் தேடி வர்றான்? கேட்டேன்.

அப்பா சொன்னார்: "அவங்களுக்கு கவர்மெண்டு பொண்ணுதான் வேணுமாம். வேற ஜாதகத்தத் தொட்டுக்கூடப் பாக்கலியாம்." முகத்துல அப்படி ஒரு பெருமை. ஆலையில இருந்து கரும்பு வெட்ட உத்தரவு வந்த அன்னிக்குத்தான் அந்த முகத்தைப் பார்த்திருக்கேன்.

எனக்கு 29. மெட்ராஸ்ல ஒரு பில்டிங் கம்பெனியில் மூணு வருஷம் இன்ஜினியர். அப்போ சம்பளம் இதைவிட ஜாஸ்தி. ஒரு ஜாதகம் வரலை. பரீட்சை எழுதி சர்வேயர் ஆனேன், ரெண்டு வருஷமா வாசல்ல தரகர் வண்டி. நான் அதே நான்தான். வெயில்ல இன்னும் கறுத்ததுதான் மிச்சம்.

நவம்பர் 7, வெள்ளி

எழுத உட்காரவே வலிக்குது. இடது கணுக்கால் பூசணிக்காய் மாதிரி.

மலையில கரியாலூர் தாண்டி ஒரு சின்ன ஊர். ரோடு முடியுற இடத்துல இருந்து நடை. சின்னப்பொண்ணுன்னு ஒரு அம்மா, புருஷன் இல்லை. அவங்க மரவள்ளிக் காட்டுக்கும் கொழுந்தன் காட்டுக்கும் நடுவுல எல்லைத் தகராறு. நாங்க போய்ச் சேரும்போதே ரெண்டு பேரும் வெட்டுவேன் குத்துவேன்னு கத்தல். நானும் உதவிக்கு வர்ற வேலு அண்ணனும் ரெண்டு முனையிலயும் செயினைப் பிடிச்சோம். மழையில ஊறின பாறை. காலை வெச்சதுதான் தெரியும்.

நல்லவேளை, உருண்டது மரவள்ளிப் பக்கம். மறுபக்கம் உருண்டிருந்தா ஓடைதான்.

நடந்துடுவேன்னு எழுந்தேன். சின்னப்பொண்ணு அதட்டல்: "எழுந்துக்காத. கட்டில்ல படு. நீ நடந்தீன்னா காலு கெட்டுப்பூடும்." கயித்துக் கட்டில். முன் பக்கம் சின்னப்பொண்ணும் அவங்க மகளும். பின் பக்கம் வேலு அண்ணனும், வெட்டுவேன்னு கத்தின அதே கொழுந்தனும். ரோடு வரைக்கும் தூக்கிட்டு வந்தாங்க. வழி முழுக்க எல்லையைப் பத்திச் சண்டை போட்டுக்கிட்டே.

ஆஸ்பத்திரி. எலும்பு உடையலை. கட்டு. பத்து நாள் ஜாக்கிரதையாம்.

நான் விழுந்தா எனக்கு மெடிக்கல் லீவு, சம்பளம் வரும். வேலு அண்ணன் தினக்கூலி. அவர் விழுந்திருந்தா? கேட்டேன். "நான் வுழ மாட்டம்மா, எனக்குக் கட்டுப்படி ஆவாது"ன்னு சிரிக்கிறார். இதுல சிரிக்க என்ன இருக்கு. கவர்மெண்டு வேலை கவர்மெண்டு வேலைன்னு ஊரெல்லாம் பேச்சு. அதுக்குள்ளயே இப்படியும் ஒரு ஆள், எட்டு வருஷமா.

அம்மா அழுகை. காலுக்காக இல்லை. ஞாயித்துக்கிழமைக்காக.

நவம்பர் 9, ஞாயிறு

மழை விட்டு சுள்ளுன்னு வெயில்.

வந்தவங்க: கோதண்டம் (பையனோட அப்பா, ஏதோ ஒரு கவர்மெண்டு ஆபீஸ்ல சூப்பிரண்டா இருந்து ரிட்டயர்டு), அவர் சம்சாரம், பையன் தினேஷ், தரகர். அம்மா எடுத்துக் குடுத்த பச்சைப் பட்டு. காபித் தட்டோட நொண்டி நொண்டிப் போனேன். கோதண்டத்துக்குக் கண்ணு என் முகத்துலயும் இல்லை, காபியிலயும் இல்லை.

"காலு இன்னாமா? பொறவியிலயேவா?"

"இல்லீங்க. முந்தாநாளு மலையில அளக்கப் போன எடத்துல வழுக்கி வுழுந்துட்டேன்."

"ஓ, டூட்டியிலயா? அப்ப சரி."

அப்ப சரி!

பிறகு வரிசையா. வேலை ஆர்டர் எப்போ வந்துச்சு, ப்ரொபேஷன் முடிஞ்சிதா, அடுத்த ப்ரமோஷன் எப்போ. புது பென்ஷன்தானேன்னு கேட்டார். ஆமாங்க, மாசாமாசம் பிடிக்கிறாங்கன்னேன். "ப்ச்"னு ஒரு சத்தம். "நாங்கள்லாம் பழசு." கத்தரிக்காய்ல சொத்தை பார்த்த மாதிரி முகம். ஆனா கீழே வைக்கலை.

அப்புறம் என்னை விட்டுட்டு அப்பா பக்கம் திரும்பிட்டார். நான் அங்கேயே தட்டோட நிக்கிறேன்.

"பாருங்க ஏழுமலை, ப்ரைவேட்ல தொண்ணூறு இன்னா, லட்சமே வாங்கினாலும், நாளைக்குக் காலையில ஒரு மெயில் வந்தா முடிஞ்சிது. இது அப்பிடியா? வருசத்துல ரெண்டு தபா அகவிலைப்படி. ஒரு இன்கிரிமெண்டு. கொழந்த பொறந்தா ஒரு வருசம் வூட்டுல ஒக்காந்துகினே சம்பளம். பேங்க்காரன் கூப்புட்டு லோன் குடுப்பான்."

அப்பா தலையாட்டல்.

"அதுகூட வுடுங்க. மனுச வாழ்க்க, சொல்ல முடியாது. சர்வீஸ்ல இருக்கும்போதே ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடுச்சின்னு வைங்க. குடும்பப் பாதுகாப்பு நிதி மொத்தமா வந்துடும். கருணை அடிப்படையில வூட்டுக்காரருக்கு வேல. ப்ரைவேட்ல எவன் குடுப்பான் சொல்லுங்க?"

அப்பாவோட தலை அப்பவும் ஆடிச்சு. பழக்க தோஷம். பாதியில நின்னுச்சு.

யாரோ முறுக்கு கடிக்கிற சத்தம். நான் தினேஷைப் பார்த்தேன். போனைப் பார்த்துக்கிட்டு இருந்தான். என் நாற்காலியில அவனை உக்கார வெச்சுப் பேசுறாங்க, நான் செத்துப்போன பிறகு. அவன் போனைப் பார்க்குறான்.

இன்னும் முடியலை. குரலைத் தாழ்த்தி: "அப்பறம் சர்வேயருன்னா... மேல எப்பிடி? மலையில ரிசார்ட்டு அது இதுன்னு வராங்களே."

தட்டைக் கீழே வெச்சேன்.

"மேல மழதாங்க வரும். அதுலதான் வழுக்கி வுழுந்தேன்."

தரகர் சிரிச்சுட்டார். கோதண்டம் சிரிக்கலை. என்னால நிறுத்த முடியலை. "நான் செத்தா இன்னா வரும்னு வரிசையா சொன்னீங்க. நான் உயிரோட இருக்கறன்ங்க, இங்கதான் நிக்கறன். இன்னா படிச்சேன், இன்னா புடிக்கும், ஒண்ணு கேட்டீங்களா? காலு வலிக்குதா, ஒக்காரும்மான்னு ஒரு வார்த்த?"

"நான் தப்பா இன்னாமா சொல்லிட்டேன்? ரூல்ல இருக்கறதத்தான சொன்னேன்."

உண்மையிலயே புரியாத முகம். அதைத்தான் தாங்க முடியலை.

கிளம்பிட்டாங்க. அந்த அம்மா மட்டும் வாசல்ல என் கையைத் தொட்டுட்டுப் போச்சு.

அம்மா: "வாயி. இந்த வாயி."
அப்பா மம்பட்டியை எடுத்துக்கிட்டு வயலுக்கு.
மிச்ச முறுக்கு டப்பாவுல.

நவம்பர் 10, திங்கள்

லீவு. மூடாக்கு. கால் வீக்கம் கொஞ்சம் கம்மி.

பழைய கம்பெனித் தோழி சங்கீதாவுக்குப் போன். முழுக் கதையும் சொன்னேன். அவள் கெட்ட வார்த்தையில திட்டினாள். கேட்கவே குளிர்ச்சி. "ராஜினாமா எழுதி மூஞ்சில அடிச்சிட்டு வாடி. இங்க இப்ப ஐம்பது வரைக்கும் குடுப்பாங்க. நான் சொல்றேன்." அரை மணி நேரம் கழிச்சு அவளே: பிரசவ லீவு முடிஞ்சு போனப்போ அவள் சீட்டுல வேற ஆள். ப்ராஜெக்ட்டை மாத்திட்டாங்க, இன்கிரிமெண்ட் இல்லை. "ஐம்பதுதான். ஆனா மூணு மாசம் கழிச்சி இருக்குமான்னு கேக்காத."

நானே உக்கார்ந்து யோசிச்சேன். கோதண்டம் மட்டும்தான் கணக்குப் போடணுமா.

அங்கே: கையில காசு. ஏசி. மெட்ராஸ். வேலையை நல்லா, சீக்கிரம் கத்துக்கிட்டேன். அம்மா கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு நாலு நாள் கேட்டேன், ரெண்டு நாள் சம்பளம் பிடிச்சாங்க. ராத்திரி பத்து மணிக்குப் போன். வாடகை, ஹாஸ்டல் சாப்பாடு, போக்குவரத்து போனா மிச்சம் இதே அளவுதான். தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ்.

இங்கே: சம்பளம் தேதி தவறாது. லோன் கேட்டா கிடைக்கும். அப்பா கடைத்தெருவுல நிமிர்ந்து நடக்குறார். பஸ், டீ, அளக்குற டேப் எல்லாம் சொந்தக் காசு, பில் எப்போ வரும்னு தெரியாது. நாளைக்கே எங்கே தூக்கிப் போடுவாங்கன்னும் தெரியாது. அறுபதுல என்ன கிடைக்கும்னு யாருக்கும் நிச்சயம் இல்லை. வாந்தி பஸ்.

எழுதிப் பார்த்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. அப்போ எதுக்கு என் ஆர்டர் காப்பியைத் தங்கம் மாதிரி பார்க்குறாங்க? இதுவரைக்கும் எழுதி, பேனாவைத் தூக்கிப் போட்டேன். மனுஷியைத் தராசுல வெச்சா எந்தப் பக்கம் சாஞ்சா என்ன.

சாயங்காலம் அப்பா வயல்ல இருந்து வந்து, தானே உப்பு வறுத்துத் துணியில கட்டி, என் காலுக்கு ஒத்தடம். நேத்துல இருந்து பேசலையே, சமாதானம்னு நினைச்சேன்.

"கலை. ஒண்ணு கேக்கறன். கோச்சிக்காத."

"கேளு."

"நெசமாவே மேல ஒண்ணும் வர்றதில்லையா?"

காலை இழுத்துக்கிட்டேன்.

"இல்லம்மா, ரெண்டு வருசமா வூட்டுக்கு இவ்ளோதான் குடுக்கறியே. தனியா சேத்து வச்சிகினு இருக்கன்னு நெனச்சன். சேக்கட்டும், கல்யாணத்துக்கு ஆவும்னு வுட்டுட்டன்."

ரெண்டு வருஷம். என் சொந்த அப்பா. முக்கால்வாசி நாள் காலையில என்னை பஸ் ஸ்டாண்டுல இறக்கிவிட்டு, இவள் லஞ்சம் வாங்கத்தான் போறாள்னு நினைச்சுக்கிட்டே டாட்டா காட்டியிருக்கார். வருத்தமா கூட இல்லை. சந்தோஷமா.

"ஒரு ரூவா வாங்கினது இல்லப்பா."

"சரி சரி." அவிழ்ந்த உப்புத் துணியை மறுபடி முடிஞ்சுக்கிட்டே, "நல்லதுதான்"னார். அந்தக் குரல்ல இருந்தது ஏமாற்றமா, நிம்மதியா, எனக்குப் பிரிக்கத் தெரியலை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். கோதண்டம் மேல வந்த கோபத்தைவிட இது ஜாஸ்தி.

நவம்பர் 12, புதன்

ஆபீஸ். கால் தாங்குது. சின்னப்பொண்ணு மகள்கிட்ட மரவள்ளிக் கிழங்கு குடுத்து அனுப்பியிருந்தாங்க, ஒரு பை நிறைய. வாங்கலாமா கூடாதான்னு பத்து நிமிஷம் யோசனை. என் நிலைமையைப் பாரு. கடைசியில வேலு அண்ணன் ஆபீஸ் வாசல்லயே அடுப்பு மூட்டி வேகவெச்சு, மனு குடுக்க வந்தவங்க உள்பட எல்லாரும் தின்னோம்.

மத்தியானம் தெரியாத நம்பர்.

"நான் தினேஷ்."

கட் பண்ணப் போனேன். "ஒரே ஒரு நிமிசம்ங்க. ஒரு விசயம் மறச்சிட்டோம். எனக்கு வேல இல்ல. ரெண்டு மாசம் ஆச்சி. எங்க டீமையே எடுத்துட்டாங்க."

மரத்தடிக்கு நகர்ந்து நின்னேன். அப்போ அந்தத் தொண்ணூறு? அது போன ஆவணி வரைக்குமாம். மெட்ராஸ்ல வாங்கின ஃப்ளாட்டுக்கு மட்டும் தவணை நிக்காம ஓடுதாம். கல்யாணம் முடியுறவரைக்கும் வாயைத் திறக்காதேன்னு வீட்ல உத்தரவு.

கேட்கக் கேட்க ஞாயித்துக்கிழமைப் பேச்சு திரும்பக் காதுல. கருணை அடிப்படையில வீட்டுக்காரருக்கு வேலை. அந்த வீட்டுக்காரருக்கு அப்போ வேலையே இல்லை.

"வேல போனது உங்க தப்பு இல்லீங்க. அதுக்கு எனக்குக் கோவமே இல்ல. எங்கூட வேல செஞ்சவங்களுக்கும் அப்பிடிப் போயிருக்குது. ஒங்கப்பா நான் சாவறதப் பேசும்போது நீங்க போன்ல இன்னா பாத்துகினு இருந்தீங்க?"

அந்தப் பக்கம் ஏதோ கதவைச் சாத்துற சத்தம்.

"ஒண்ணும் பாக்கல. எங்க பாக்கறதுன்னு தெரில."

"என்னப் பாத்திருக்கலாம்."

"ஆமா"ன்னான். "சாரி"ன்னு ஒரு வார்த்தை. வெச்சுட்டான்.

சொல்லாமலேயே இருந்திருக்கலாம் அவன். சொன்னான். அதை மட்டும் ஒத்துக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அப்பா அம்மாகிட்ட அப்படியே சொன்னேன். அம்மா தலையில கை. அப்பா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவர், வாளியைக் கீழே போட்டுட்டுத் திரும்பி வந்தார். "பொய் சொல்லியா எம் பொண்ணக் கேட்டாங்க? முறுக்கு சுட்டுப் போட்டமே அவங்களுக்கு!" எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இந்த வாரத்துல முதல் தடவை.

நவம்பர் 15, சனி

காலையில பலத்த மழை, பத்து மணிக்கு மேல விட்டுவிட்டு. லீவு. துணி காயலை. வீடு முழுக்க ஈர வாடை.

பதினோரு மணி போல வாசல்ல குடையை மடக்குற சத்தம். கோதண்டம். தரகர் இல்லை, வேற யாரும் இல்லை. பஸ்ல வந்திருக்கார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, முழங்கால் வரைக்கும் சேறு.

அம்மா உள்ளே போயிடுச்சு. அப்பா வாங்கன்னு சொல்லலை, நாற்காலியை மட்டும் நகர்த்திப் போட்டார். நான் எதிர்ல உக்கார்ந்தேன். இன்னிக்கு நின்னுக்கிட்டுப் பேசுறதா இல்லை.

"பையன் சொல்லிட்டானாமே."

"சொன்னாருங்க."

"அவன் மறைக்கல. நாந்தான் மறைக்கச் சொன்னேன்."

மன்னிப்புக் கேட்க வந்தார்னு நினைச்சேன். இல்லை. நிலவரம் சொல்ல வந்திருக்கார். அதே குரல், ரூல் படிக்கிற குரல்.

"அந்த ஃப்ளாட்டு தவண இப்ப எம் பென்ஷன்லதான் ஓடுதுமா. எனக்கு அறுபத்தெட்டு. சக்கர ஜாஸ்தி. போன வருசம் நெஞ்சுல ஸ்டென்ட் ஒண்ணு வச்சாங்க. நான் இருக்கற வரிக்கும் முழுப் பென்ஷன். நான் பூட்டா, அவன் அம்மாவுக்கு வர்றது பாதிகூடத் தேறாது. அது வூட்டுச் செலவுக்கே காணாது. லோன் முடிய இன்னும் எட்டு வருசம். எட்டு வருசம் நான் இருந்தாவணும். டாக்டரு அப்பிடிச் சொல்லல."

வெளியே மழை மறுபடி வலுத்துடுச்சு. அப்பா தூண்ல சாஞ்சு நின்னார்.

"அதுக்குத்தான் ஒரு நெரந்தர வருமானம் வூட்டுக்குள்ள வந்துட்டா, நான் எப்பப் போனாலும் பரவால்லன்னு."

என் சாவை மட்டும் போட்டுப் பார்க்கலை இந்த மனுஷன். தன்னோடதைத்தான் முதல்ல போட்டுப் பார்த்திருக்கார். தினமும் போட்டுப் பார்க்கிறார். அப்படியே பழகிப்போய், எங்க வீட்டுக்கு வந்து, முறுக்கு தின்னுக்கிட்டே, என்னோடதையும் போட்டுட்டார்.

கோபம் போகலை. போயிடுச்சுன்னு எழுதினா பொய். ஆனா அன்னிக்கு மாதிரி முகத்துல எறிய முடியலை.

"ஒடம்பப் பாத்துக்கங்க. ஃப்ளாட்ட வித்துடுங்க. உங்க உயிர ஏன் அதுக்கு வாடகைக்கு வுட்றீங்க?"

"அவன் ஆசையா வாங்கனதும்மா." கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "சம்பளத்த நீயே வச்சிக்க. தவணைக்கு மட்டும் பாதி..."

"வேணாங்க."

"நிதானமா யோசிச்சி சொல்லு."

"யோசிச்சிட்டேன்ங்க. உங்க பையன் வேல தேடட்டும், கெடைக்கும். கெடச்ச அப்பறம் யாரையாச்சும் புடிச்சிக் கட்டிக்கட்டும். ஆர்டர் காப்பியப் பாத்து வேணாம்."

அப்பாவைப் பார்த்தார். அப்பாவாச்சும் ஏதாவது சொல்வார்னு. அப்பா ஆணியில மாட்டியிருந்த வண்டிச் சாவியை எடுத்தார்.

"எம் பொண்ணு சொல்லிடுச்சிங்க. வாங்க, மழ நிக்கட்டும்னு பாத்தா பஸ் பூடும். ஸ்டாண்டுல வுட்டுட்றன்."

அம்மா உள்ளே இருந்து சொம்புத் தண்ணி கொண்டாந்து அவர் காலுக்கு ஊத்துச்சு. சேறு போகட்டும்னு. அவரும் காலைக் காட்டினார்.

வண்டியில பின்னாடி ஏறினார். குடையை விரிச்சு அப்பா தலைக்கும் சேர்த்துப் பிடிச்சார். கிளம்பப் போற நேரம், என்னைப் பார்த்துத் திரும்பி, கொஞ்சம் தயங்கி:

"ஏம்மா, உங்க ஆபீஸ்ல கல்யாணம் ஆவாத பொண்ணு வேற யாராச்சும் இருக்குதா? பர்மனென்ட்ல?"

இருக்காங்க. ரெண்டு பேர்.

இல்லைன்னு சொல்லிட்டேன்.